ஒட்டியதும் ஒட்டாததும்: பாலாற்றுத் தோல் டிரம்மிலிருந்து ஒளிரும் நானோ துகள் வரை

"ஹைட்ரோஜெல்லுக்குள் இருக்கும் புரதத்தை ஒளிரும் நானோ துகள்களால் கண்டுபிடிப்பது." இப்படி ஒரு தலைப்பைப் பார்த்தால் பாதிப் பேர் அப்படியே நகர்ந்துவிடுவோம். நான் சாஃப்ட்வேர் ஆள். பி.இ. முதல் வருஷத்தோடு கெமிஸ்ட்ரிக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் கொஞ்ச நாளாக இதைப் பற்றிப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறைத்தது. தண்ணீரில் ஊதிய ஜெல், அதற்குள் புரதம், அந்தப் புரதத்தில் போய் ஒட்டுகிற சாயமோ உலோகமோ. இந்த மூன்றும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் நம்ம தோல் ஊர்களில் நூறு வருஷத்துக்கு மேலாகத் தினமும் புழங்குகிற சரக்கு. பெயர்தான் வேற.

ஒப்புமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. புரதத்தைப் பார்ப்பதற்கு மனிதர்கள் கண்டுபிடித்த வழிகளில் பல, தோல் பதனிடுகிறவர்களிடமிருந்தும் கம்பளிக்குச் சாயம் போடுகிறவர்களிடமிருந்தும் ஆய்வகத்துக்குப் போனவை. அந்தப் பாதையில் ஒரு முக்கியமான நிறுத்தம் சென்னையில் இருக்கிறது. அதைத்தான் வரிசையாகப் பார்க்கப் போகிறோம். கடைசியில் பாலாற்றுக்கே திரும்பி வருவோம், ஏனென்றால் இந்தக் கதையில் தீராத ஒரு கணக்கு அங்கேதான் கிடக்கிறது.

தோலும் ஒரு ஜெல்தான்

ஹைட்ரோஜெல் என்றால் என்ன? வலை மாதிரி பின்னிக்கொண்ட நீளமான மூலக்கூறுகள், அந்த வலைக்கண்களுக்குள் பிடிபட்ட தண்ணீர். ஜெல்லி, கான்டாக்ட் லென்ஸ், குழந்தை டயப்பருக்குள் தண்ணீரைக் குடித்துக் கொழகொழவென்று ஆகிற பொடி எல்லாமே இந்த வகை. இப்போது உரித்த பச்சைத்தோலை எடுத்துக்கொள்ளுங்கள். எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், மூன்றில் ஒரு பங்கு புரதம். அந்தப் புரதத்தில் பெரும்பகுதி கொலாஜன். நார் நாராகப் பின்னிய கொலாஜன் வலைக்குள் தண்ணீர். ஹைட்ரோஜெல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். போட்டபோது இருந்ததைவிடத் தடிமனாக, விறைப்பாக, கொஞ்சம் கண்ணாடித்தன்மையோடு இருக்கும். முடி கழன்று வருவதற்காகச் சுண்ணாம்பில் போடுகிறோம், ஆனால் கூடவே தோல் ஊதுகிறது. ஏன் ஊதுகிறது? இந்தக் கேள்விக்கு முதலில் முறையான விடை தேடியவர் ஒரு தோல் வேதியியலாளர். இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் தோல் துறையை நடத்திய ஹென்றி ரிச்சர்ட்சன் புரோக்டர். ஜெலட்டினை அமிலத்தில் போட்டு அது எவ்வளவு ஊதுகிறது என்று அளந்து 1914-ல் ஒரு கட்டுரை எழுதினார். 1916-ல் தன் மாணவர் ஜான் ஆர்தர் வில்சனோடு சேர்ந்து அதைக் கணக்காக்கினார்.

கணக்கின் சாரம் எளிமையானது. அமிலத்திலோ காரத்திலோ புரதச் சங்கிலிக்கு மின்னேற்றம் வருகிறது. சங்கிலி வலையோடு கட்டிப்போடப்பட்டிருப்பதால் அது வெளியே வர முடியாது. அதைச் சமன் செய்ய வேண்டிய எதிர் அயனிகளும் ஜெல்லுக்குள்ளேயே தங்க வேண்டியதாகிறது. உள்ளே அயனி அதிகம், வெளியே குறைவு. அதை ஈடுகட்டத் தண்ணீர் உள்ளே பாய்கிறது, வலை இழுத்து நிறுத்தும் வரை ஊதுகிறது. கான்டாக்ட் லென்ஸுக்கான ஜெல்லை செக்கோஸ்லோவாக்கியாவில் ஓட்டோ விக்டர்லே குழு அறிவித்தது 1960-ல்தான். அதற்கு நாற்பது வருஷத்துக்கு மேல் முன்னாடியே, ஜெல் ஊதுவதன் கணக்கு செருப்புத் தோலுக்காகப் போடப்பட்டுவிட்டது.

காசுக்கட்டியும் ஜெலட்டினும்

சரி, புரதம் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தோல்காரர்களிடம் பழைய சோதனை ஒன்று இருந்தது. ஒரு திரவத்தில் ஜெலட்டின் இருக்கிறதா என்று பார்க்கணுமா? பட்டை ஊறிய தண்ணீரை அதில் ஊற்று. கலங்கித் திரிந்து அடியில் படிந்தால் இருக்கிறது. இதையே திருப்பிப் போட்டால் பட்டையில் பதனிடும் சத்து எவ்வளவு என்றும் பார்க்கலாம். பிரான்ஸில் ஆர்மாண்ட் செகுவின் 1790-களில் இந்த வழியில் வேலை செய்தார். லண்டனில் ஹம்ப்ரி டேவி 1803-ல் இதை வைத்துப் பல பட்டைகளையும் பிசின்களையும் ஒப்பிட்டு ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். அவர் சோதித்த சரக்கில் பம்பாயிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் போன காசுக்கட்டியும் உண்டு. நம்ம ஊர் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிற அதே காசுக்கட்டிதான்.

கறை படிய வைக்கிற துவர்ப்பு, நாக்கில் உள்ள புரதத்தைப் பிடித்து வறட்டுகிறது. அதே துவர்ப்புதான் தோலிலும் பிடிக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வைத்துப் பதனிட்ட தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று ஐரோப்பியச் சந்தையில் தனிப்பெயர் இருந்தது. பாலாற்று ஊர்களின் தோல் வியாபாரம் அந்தப் பெயரில்தான் வளர்ந்தது.

பட்டை முறையில் ஒரு சிக்கல் இருந்தது. டேனின் மூலக்கூறு பெரிசு. தோலின் வலைக்கண் சின்னது. முதலிலேயே கெட்டியான சாற்றில் போட்டால் மேற்பரப்பில் போய் அடைத்துக்கொள்ளும். உள்ளே பச்சையாகவே இருக்கும், வெளியே மட்டும் பதமாகிவிடும். அதனால் பழைய, நீர்த்துப்போன சாற்றில் ஆரம்பித்து, குழி குழியாக மாற்றி, கடைசியில் புதுச் சாற்றுக்குக் கொண்டுபோவார்கள். வாரக்கணக்கில் ஆகும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் உள்ளே போ, அப்புறம் ஒட்டு

19-ம் நூற்றாண்டின் கடைசியில் குரோமியம் வந்தது. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884-ல் காப்புரிமை வாங்கினார். மார்ட்டின் டென்னிஸ் 1893-ல் அதை ஒரே குளியலில் முடிகிற முறையாக்கினார். சென்னை மாகாணத்தில் 1900-களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் தோல் சோதனைகளை நடத்தினார். வாரங்கள் ஆன வேலை ஒரு நாளுக்குள் வந்தது.

குரோம் முறையின் சூட்சுமம் எனக்கு ஒரு அல்காரிதம் மாதிரி தெரிகிறது. தோலை முதலில் உப்பும் அமிலமும் கலந்த 'பிக்கிள்' தண்ணீரில் போட்டு, அமில அளவை பி.ஹெச். 3 பக்கம் இறக்குகிறார்கள். அந்த நிலையில் புரதத்தின் கார்பாக்சில் பிடிமானங்கள் மூடிக்கொண்டிருக்கும். குரோமியம் எதிலும் ஒட்டாமல் வலைக்குள் ஆழமாகப் போய்விடும். நடுவரைக்கும் போனதும் சோடா உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து பி.ஹெச்.சை 4-க்கு அருகில் ஏற்றுகிறார்கள். இப்போது பிடிமானங்கள் திறக்கின்றன. குரோமியம் இருக்கிற இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. ஊடுருவல் ஒரு படி, ஒட்டுதல் அடுத்த படி. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் இரண்டும் கெடும்.

நடுவரைக்கும் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? டிரம்மை நிறுத்தி, தடிப்பான பகுதியில் ஒரு துண்டு வெட்டி, வெட்டுமுகத்தைப் பார்ப்பார்கள். வெளுப்புக் கோடு எதுவும் இல்லாமல் குறுக்கே முழுக்க நீலமாக இருக்கணும். அதற்கு முந்தின கட்டத்தில், சுண்ணாம்பு போய்விட்டதா என்று பார்க்க வெட்டுமுகத்தில் பினாப்தலீன் சொட்டு விடுவார்கள். நடுவில் இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தால் உள்ளே இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது. பிக்கிள் பிடித்ததா என்று பார்க்க புரோமோகிரெசால் கிரீன் சொட்டு. கடைசியில் ஒரு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று சோதனை. பச்சைத்தோல் 60 டிகிரி தாண்டினாலே சுருங்க ஆரம்பிக்கும். நன்றாகக் குரோம் பிடித்த தோல் 100 டிகிரியிலும் நிற்கும்.

இதெல்லாம் என்ன? ஒரு ஹைட்ரோஜெல்லைக் குறுக்கே வெட்டி, நிறத்தை வைத்து உள்ளே எங்கே என்ன இருக்கிறது என்று வரைபடம் எடுக்கிற வேலை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இதைச் செய்யப் பெரிய மைக்ரோஸ்கோப் வேண்டும். டேனரியில் ஒரு கத்தியும் ஒரு சொட்டுக் குப்பியும் போதும்.

கங்காரு வாலும் சென்னையும்

ஒட்டுகிறது என்று தெரியும். எங்கே, எதில் ஒட்டுகிறது? அதைச் சொல்ல கொலாஜனின் வடிவம் தெரிய வேண்டும். அந்த விடை வந்தது கிண்டியிலிருந்து.

ஜி.என்.ராமச்சந்திரன் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அப்போது துணைவேந்தர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார். சி.வி.ராமனின் மாணவரான ராமச்சந்திரனுக்கு எக்ஸ்-ரே படிகவியல் கைவந்த கலை. எந்தப் பிரச்சினையை எடுப்பது என்று தேடிக்கொண்டிருந்த சமயத்தில் சென்னைக்கு வந்த ஜே.டி.பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாக விடுபடவில்லை என்று சொன்னார். பொருள் வேண்டுமே? கூப்பிடு தூரத்தில் இருந்தது மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், நாம் சி.எல்.ஆர்.ஐ. என்று சொல்வது. 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட புத்தம் புது நிறுவனம். அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. நார்கள் ஒழுங்காக ஒரே திசையில் ஓடுவதால் நல்ல எக்ஸ்-ரே படம் தரும் பொருள் அது.

ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் கொலாஜனுக்கு மூன்று இழை அமைப்பை முன்வைத்தார்கள். 1955-ல் அந்த மூன்று இழைகளும் கயிறு போல ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்கின்றன என்று திருத்தி எழுதினார்கள். அதே ஆண்டு கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் சென்னை மாதிரியில் அணுக்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி இடிக்கின்றன என்று விமர்சித்து, தங்கள் வடிவத்தை வெளியிட்டார்கள். மூன்று இழைக் கயிறு என்ற அடிப்படை நிலைத்தது. உள்ளே எத்தனை ஹைட்ரஜன் பிணைப்பு என்பதில்தான் சண்டை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற அந்தச் சண்டைக்கு விடை தேடப் போய்த்தான் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-ல் 'ராமச்சந்திரன் வரைபடம்' தந்தார்கள். இன்றைக்கு எந்தப் புரத அமைப்பு வெளியானாலும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

நம்ம விஷயத்துக்கு இதில் என்ன இருக்கிறது? அந்தக் கயிற்றில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். அது மட்டும்தான் நடுவில் அடங்குகிற அளவுக்குச் சின்னது. மற்ற அமினோ அமிலங்களின் கைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கைகளில் கார்பாக்சில் இருப்பதைக் குரோமியம் பிடிக்கிறது. அமினோ இருப்பதை அமிலச் சாயங்கள் பிடிக்கின்றன. டேனின் சங்கிலியின் முதுகெலும்பையே ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றுகிறது. ஆம்பூர்க் குழியில் நடப்பதற்கு அணு அளவில் ஒரு முகவரி கிடைத்தது. சி.எல்.ஆர்.ஐ. வளாகத்து அரங்கத்துக்கு 'டிரிபிள் ஹீலிக்ஸ்' என்று பெயர் வைத்திருப்பது சும்மா இல்லை.

கம்பளிச் சாயம் ஜெல்லுக்குப் போன கதை

இதே காலத்தில் ஆய்வகங்களில் இன்னொரு வகை ஜெல் வந்தது. 1955-ல் டொரன்டோவில் ஆலிவர் ஸ்மிதீஸ், ரத்தப் புரதங்களைப் பிரிக்க ஸ்டார்ச் ஜெல்லைப் பயன்படுத்தினார். சின்ன வயசில் அம்மா சட்டைக்குப் போடும் கஞ்சி ஆறினால் ஜெல்லியாவதைப் பார்த்த ஞாபகம்தான் அவருக்கு யோசனை தந்ததாம். பிறகு பாலிஅக்ரிலமைடு ஜெல் வந்தது. 1970-ல் லேம்லி கொடுத்த முறை இன்றைக்கும் எல்லா உயிரியல் ஆய்வகத்திலும் ஓடுகிறது. ஜெல்லுக்குள் மின்சாரம் பாய்ச்சினால் சின்னப் புரதம் வேகமாகவும் பெரிய புரதம் மெதுவாகவும் ஓடி, தனித்தனிக் கோடுகளாக நிற்கும்.

ஆனால் கோடு கண்ணுக்குத் தெரியாதே? புரதத்துக்கு நிறம் கிடையாது. 1963-ல் ஆஸ்திரேலியாவில் ஃபசேகாஸ் டி செயின்ட் க்ரோத் குழு ஒரு சாயத்தை எடுத்தது. பெயர் கூமாசி புளூ. கானா நாட்டின் குமாசி நகரத்தின் பெயரைத் தாங்கிய கம்பளிச் சாயம் அது. கம்பளி ஒரு புரதம். கம்பளியில் ஒட்டுகிற சாயம் எந்தப் புரதத்திலும் ஒட்டத்தானே செய்யும்? ஜெல்லை அந்த நீலத்தில் ஊறப்போட்டு, பிறகு கழுவ வேண்டும். ஜெல் முழுக்க நீலமாக இருப்பது மெல்ல மெல்ல வெளுத்து, புரதம் இருக்கிற கோடுகள் மட்டும் நீலமாக நிற்கும். தோலுக்கு டிரம்மில் அமிலச் சாயம் ஏற்றுகிறவரும் ஜெல்லுக்கு நீலம் ஏற்றுகிற ஆராய்ச்சி மாணவியும் ஒரே வேதியியலைத்தான் செய்கிறார்கள்.

1979-ல் வெள்ளி வந்தது. ஸ்விட்சர், மெரில், ஷிஃப்ரின் மூவரும் போட்டோ கழுவுகிற முறையைப் போல, ஜெல்லுக்குள் புரதம் இருக்கும் இடத்தில் வெள்ளி மணிகளைப் படிய வைத்தார்கள். நீலத்தில் தெரியாத நுண்ணிய அளவும் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால், ஜெல்லுக்குள் புரதத்தைக் காட்டிய அவையும் உலோகத் துகள்கள்தான்.

ஒளிரும் துகள்கள்

வெள்ளி மணி கறுப்பாகத் தெரியும், ஆனால் ஒளிராது. ஒளிர்வது என்றால், ஊதா விளக்கு அடித்தால் வேறு நிறத்தில் திருப்பி ஒளி தருவது. ரூபாய் நோட்டைக் கடையில் ஊதா விளக்கில் காட்டினால் எண்ணும் நூலிழையும் மின்னுகிறதே, அதுதான். இருட்டுப் பின்னணியில் ஒரு வெளிச்சப் புள்ளியைப் பிடிப்பது, வெளிச்சப் பின்னணியில் ஒரு கறையைப் பிடிப்பதைவிடச் சுலபம். அதனால் நுண்ணிய அளவைக் காண ஒளிர்வுதான் வழி.

1998-ல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் ஒரே சமயத்தில் 'குவாண்டம் டாட்' என்ற குறைக்கடத்தித் துகள்களை உயிரியல் அடையாளமாகப் பயன்படுத்திக் காட்டின. துகளின் அளவை மாற்றினால் நிறம் மாறும். அந்தத் துகள்களைக் கண்டுபிடித்து வளர்த்த எகிமோவ், புரூஸ், பாவெண்டி மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. 2007-ல் மாசசூசெட்ஸில் வின்சென்ட் ரொட்டெல்லோ குழு வேறொரு தந்திரம் செய்தது. ஒளிரும் பாலிமரைத் தங்கத் துகளில் ஒட்டவைத்தால் அதன் ஒளி அணைந்துவிடும். புரதம் வந்து பாலிமரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்தால் ஒளி திரும்ப வரும். ஆறு வகைத் தங்கத் துகள், ஏழு புரதங்கள். ஒவ்வொரு புரதமும் ஆறிலும் வேறு வேறு அளவில் ஒளியை எழுப்பும். அந்தக் கோலத்தை வைத்து எந்தப் புரதம் என்று சொல்லிவிடலாம். மூக்கு வாசனையைப் பிரித்தறிவது மாதிரி.

எனக்கு ரொம்பப் பிடித்தது தங்கக் கொத்து. 2009-ல் சிங்கப்பூரில் ஜாக்கி யிங் குழு, மாட்டு ரத்தத்தின் ஆல்புமின் புரதத்தோடு தங்க உப்பைக் கலந்து, காரமாக்கி, உடல் சூட்டில் சில மணிநேரம் வைத்தது. புரதமே தங்கத்தைத் தனக்குள் பிடித்து, சுமார் 25 அணுக்கள் கொண்ட கொத்தாக ஆக்கிக்கொண்டது. ஊதா விளக்கில் சிவப்பாக ஒளிர்ந்தது. அடுத்த ஆண்டே ஐ.ஐ.டி. மெட்ராஸில் டி.பிரதீப் குழு, பாலில் இருக்கும் லாக்டோஃபெரின் புரதத்தில் இதே மாதிரி தங்கக் கொத்தை வளர்த்துக் காட்டியது. புரதம் உலோகத்தைப் பிடிப்பதும், பிடித்ததில் புதுக் குணம் வருவதும். டேனரியில் குரோமியத்துக்கு நடப்பதன் தூரத்துச் சொந்தம்.

இப்போது இந்தத் துகள்களை ஹைட்ரோஜெல்லுக்குள் அனுப்பிப் புரதத்தைப் பார்க்கணும். ஏன் ஜெல்லுக்குள்? புரதத்துக்குத் தண்ணீர் சூழல் வேண்டும். காய்ந்தால் வடிவம் கெடும். தட்டையான கண்ணாடியைவிட முப்பரிமாண வலையில் அதிகப் புரதத்தைப் பிடித்து வைக்கலாம். செல் வளர்க்கிற ஜெல், புண்ணுக்குப் போடுகிற ஜெல் இவற்றில் புரதம் எங்கே தங்குகிறது என்று தெரிந்தால்தான் வேலைக்கு ஆகும். சி.எல்.ஆர்.ஐ.யிலேயே தோல் கொலாஜனை எடுத்துத் தீக்காயத்துக்கான படலம் செய்யும் வேலை நடந்திருக்கிறது.

இங்கே வருகிற சிக்கல்களைப் பாருங்கள். ஒன்று, துகள் பெரிசு, வலைக்கண் சின்னது. பாலிஅக்ரிலமைடு ஜெல்லின் கண் சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர். மேல்பூச்சோடு சேர்த்தால் ஒரு குவாண்டம் டாட்டே 10 நானோமீட்டரைத் தாண்டும். இரண்டு, துகள் வழியிலேயே ஒட்டிக்கொண்டால் நடுப்பகுதிக்குப் போகாது. ஓரம் மட்டும் மின்னும். மூன்று, ஒட்டாத துகளைக் கழுவி எடுக்காவிட்டால் பின்னணி எல்லாம் மின்னி, எது புரதம் எது சும்மா என்று தெரியாது. கொலாஜனுக்கே ஊதா விளக்கில் இலேசான நீல ஒளிர்வு உண்டு என்பது கூடுதல் தொல்லை. அதனால்தான் சிவப்பில் ஒளிர்கிற துகளைத் தேடுகிறார்கள்.

முதல் சிக்கல் ஆவாரம்பட்டைக் குழியின் சிக்கல். இரண்டாவது குரோம் டிரம்மின் சிக்கல். அதற்கு ஆய்வகத்தில் கண்ட வழியும் அதே வழிதான்: துகளுக்கு ஒட்டாத மேல்பூச்சு கொடுத்து உள்ளே விடு, தேடுகிற புரதத்தை மட்டும் பிடிக்கிற கொக்கியை அதில் வை. மூன்றாவது சிக்கல் இருக்கிறதே, அதில்தான் நம்ம ஊர் தோற்றது.

ஒட்டாதது எங்கே போனது?

ஆய்வகத்தில் ஜெல்லைக் கழுவிய தண்ணீரைத் தனிக் கேனில் பிடிக்கச் சொல்வார்கள். கேட்மியம் கலந்த குவாண்டம் டாட் என்றால் கேட்கவே வேண்டாம். டேனரியில் கழுவிய தண்ணீர் எங்கே போனது?

கணக்கு போட்டுப் பார்க்கலாம். வழக்கமான முறையில் தோல் எடையில் சுமார் 8 சதவீதம் குரோம் உப்பு போடுகிறார்கள். ஒரு டன் தோலுக்கு 80 கிலோ. அதில் 60 முதல் 70 சதவீதம்தான் தோலில் ஒட்டும். மிச்சம் 24 முதல் 32 கிலோ டிரம் தண்ணீரிலேயே நிற்கும். இது போகத் தோல் கெடாமல் இருக்கப் போட்ட கல்லுப்பு, சுண்ணாம்பு, சல்ஃபைடு. ஒரு கிலோ தோலுக்கு 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று வைத்தால், இவ்வளவும் கரைந்து வெளியே வருகிற நீர் எவ்வளவு என்று யோசியுங்கள். வருஷத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கிற பாலாறு அது. ஓடி அடித்துக்கொண்டு போக வெள்ளம் இல்லை. மணலுக்குள் இறங்கி, கிணற்றில் ஏறியது.

1991-ல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தந்த தீர்ப்பு, 'மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்', 'கேடு வரும் முன் காக்க வேண்டும்' என்ற இரண்டு கொள்கைகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. பாலாற்றுப் பக்கத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனது என்று அதில் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். இன்றைக்குச் சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் வேலூர் பெயரைப் படிப்பது இந்த வழக்கில்தான். அந்த நெருக்கடியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், குரோம் மீட்பு என்று டேனரிகளுக்கு வழிகாட்டும் வேலை சி.எல்.ஆர்.ஐ.க்கு வந்தது. அப்போது அதன் இயக்குநர் டி.ராமசாமி, குரோமிய வேதியியலிலேயே ஊறியவர்.

கதை அதோடு முடியவில்லை. ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்து 1990-களின் நடுவில் மூடப்பட்ட அரசு சார்ந்த ஆலை, லட்சம் டன்னுக்கு மேல் கழிவை அங்கேயே விட்டுப் போனது. தோலில் போடுகிற குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது. அந்தக் குவியலில் இருப்பதில் ஆறு இணைதிறன் வகையும் உண்டு. அது புற்றுநோய் தரக்கூடியது, தண்ணீரில் எளிதில் கரையக்கூடியது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒட்டாததைப் பிடித்து வைத்த இடத்திலும் அதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே வேலூர் டேனரிகள் விஷயத்தில் இழப்பீடு பற்றி மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே 28 வருஷம்.

இங்கே ஒளிரும் துகள் திரும்ப வருகிறது. தங்கக் கொத்துகளும் கார்பன் துகள்களும் ஆறு இணைதிறன் குரோமியத்தைச் சந்தித்தால் ஒளி மங்குகின்றன என்று பல ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. அந்தத் துகள்களை ஒரு ஹைட்ரோஜெல் துண்டுக்குள் பதித்து, கிணற்றுத் தண்ணீரில் போட்டு, ஊதா விளக்கில் பார்க்கலாம். புரதத்தைத் தேடப் பிறந்த கருவி, புரதத்தில் ஒட்டாமல் போன உலோகத்தைத் தேடும். ஊதா நிறம் தருகிற டைஃபினைல் கார்பசைடு சோதனை ஏற்கெனவே இருக்கிறது; ஆய்வகத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கிணற்றடியில் நிற்கிற விவசாயி கையில் வைத்துப் பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும்.

தோல் தொழிலை நம்பி நம்ம பக்கத்தில் லட்சக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வேலையைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. டிரம்மை நிறுத்தி ஒரு துண்டு வெட்டி 'நடு வரைக்கும் நீலம் வந்துடுச்சு' என்று சொல்கிற அனுபவக்காரர், உலகத்துக்குப் புரத வேதியியல் கற்றுக்கொடுத்த பரம்பரையில் வருகிறவர். ஜெல்லுக்குள் எவ்வளவு போனது என்று கண்ணாலேயே சொல்லத் தெரிந்த ஊருக்கு, எவ்வளவு போகவில்லை என்று அளக்கவும் தெரியும். அந்த அளவை அன்றாடம் எழுதி வைத்து, ஊராருக்குத் தெரிகிற மாதிரி போட்டால் போதும்.

பட்டைக் குழிக் காலத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், எந்தக் குழியில் எத்தனை நாள், எதைப் பார்த்துத் தோலை மாற்றினார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். கடுக்காய் எவ்வளவு, ஆவாரம்பட்டை எவ்வளவு என்ற கணக்கு நோட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. அடுத்த குறிப்பை அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.